ஆறாவது கை

சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காராவிட்டால் அந்தச் சோற்றைத் தொடக்கூடாது என்று நான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் நம்பினேன் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். ஆனால் போன நோன்புப் பெருநாள் வரைக்கும் நம்பினேன். அப்போது எனக்குத் தாடி முக்கால்வாசி நரைத்திருந்தது.

சஹன் என்பது எங்களுடைய பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சி, பொரித்த கோழி, அவித்த முட்டை, கத்தரிக்காய், அச்சாறு எல்லாவற்றையும் அடுக்கிப் பாயில் வைப்பார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்போம். நிக்காஹ் ஆனாலும் பெருநாள் ஆனாலும் கம்பளை ஊரில் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

அந்தச் சட்டத்தை எனக்குச் சொன்னவர் மச்சான். எங்கள் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். ராத்தாவை, அதாவது என் அக்காவைக் கட்டி அவர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பெருநாளன்று, நான் ஒழுங்கையில் பந்தடித்துக்கொண்டு சாப்பிட வராமல் நின்றேன். புது மாப்பிள்ளை சாரத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "ஆறாவது கை வராம பிஸ்மி செல்ல ஏலா, தம்பி. அது சட்டம்" என்றார். பிஸ்மி சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. என்னால் ஒரு குடும்பமே பட்டினி கிடக்கிறது என்று நினைத்து ஓடினேன். அதற்குப் பிறகு எந்தப் பெருநாளிலும் நான் பிந்தியதே இல்லை. அதனால்தானோ என்னவோ வீட்டில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

அப்போதெல்லாம் மூன்று சஹன் வைப்போம். கூடத்தில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள், விறாந்தையில் பிள்ளைகள். சஹனில் கோடு கிடையாது, ஆனால் எல்லை உண்டு. அவரவருக்கு முன்னால் இருப்பது அவரவருடையது. எங்கள் சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து முதலிலேயே தன் பக்கத்துச் சோற்றுக்கு அடியில் புதைத்துவிடுவார். பிறகு வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு, தனக்கு ஒன்றும் வரவில்லை என்று பரிதாபமாகப் பார்ப்பார். பரிமாறுகிறவர்கள் மனம் இளகி இன்னொரு துண்டு வைப்பார்கள். ஆண்கள் சஹனில் எனக்கு இடம் கிடைத்த வருடம் நான் என் பக்கத்திலிருந்து சோற்றுக்கு அடியால் மெதுவாகச் சுரங்கம் தோண்டி அந்தத் துண்டை எடுத்துவிட்டேன். சாச்சா கடைசியில் தோண்டிப் பார்த்தார். "இங்க ஒன்டு ஈந்திச்சே" என்றார். என்ன இருந்தது என்று வாப்பா கேட்டார். சாச்சா வாயைத் திறக்கவில்லை. சொன்னால் புதைத்ததையும் அல்லவா சொல்ல வேண்டும்.

இன்னொரு பெருநாளில் சாப்பாட்டுக்கு நடுவில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ஒரே கோழிக்காலில் மூன்று கைகள் இருந்தன. அதில் ஒன்று அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்த பள்ளிவாசல் லெப்பையுடையது. அவர்தான் முதலில் சிரித்தார். ராத்தா முதன்முதலாக முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் இறுகவே இல்லை. மச்சான் அதைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, சர்பத் நன்றாக இருக்கிறது என்றார். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் ராத்தா அவரோடு கதைக்கவில்லை.

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். சாச்சா மௌத்தானார். வாப்பாவும் உம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ராத்தாவின் மகன் தோஹாவுக்கும் மகள் மெல்பேணுக்கும் போனார்கள். மூன்று சஹன் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, ஆணும் பெண்ணும் ஒரே பாயில் உட்கார வேண்டியதாயிற்று.

போன நோன்பின் கடைசி வாரத்தில் ராத்தா போன் எடுத்தார். "இந்த முற ஆளுக்கொரு பீங்கான்ல போட்டுத் திம்போம். சஹன் இனிச் சரிவராது, ஆளில்ல. அதப் பள்ளிவாசலுக்குக் குடுத்துடப் போறேன்" என்றார்.

சஹன் போனால் பெருநாள் சாப்பாடு போகும், சாப்பாடு போனால் கம்பளைக்குப் போவது நிற்கும், பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் மௌத்து வீடுகளில்தான் பார்த்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் இவ்வளவு தூரம் யோசித்துவிட்டேன். ஆறு பேர் கட்டாயம் இருப்போம், நான் பொறுப்பு, சஹனைக் கழுவி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். ராத்தாவும் மச்சானும் இரண்டு பேர். நானும் மனைவியும் மகளும் சேர்ந்தால் ஐந்து. மாத்தளையில் மனைவி வீட்டோடு இருக்கும் என் தம்பி மட்டும் வந்தாலும் ஆறு.

பெருநாளன்று பின்னேரம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து புறப்பட்டோம். பேராதனையைத் தாண்டும்போது தம்பியின் போன். மாமி வீட்டில் கொடுத்ததை எல்லாம் மறுக்காமல் தின்றிருக்கிறான். இப்போது கழிவறையை விட்டு எங்கும் நகர முடியாது என்றான்.

காரை ஓரத்தில் நிறுத்தினேன். ஆறு பேர் இல்லாமல் பிஸ்மி சொல்ல முடியாதே என்றேன். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை என்று மகள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். "மச்சான் சென்னாரு" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மச்சானா? கம்பளையில மாப்பிள்ளதான் மொத சஹனக் கழுவணும்டு சென்னதும் அவருதானே. நீங்களும் கல்யாணச் சட்டையோட கழுவினீங்க" என்றாள்.

அதுவும் சட்டம் இல்லை என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. ஆனாலும் ராத்தாவிடம் ஆறு என்று வாக்குக் கொடுத்தவன் நான். கம்பளை டவுனில் தெரிந்த முகங்களை எல்லாம் காரை மெதுவாக்கிக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெருநாளன்று மாலையில் ஒரு முஸ்லிமைச் சாப்பிடக் கூப்பிடுவது கொடுமை. ஒருவர் வயிற்றைத் தடவிக் காட்டினார். இன்னொருவர் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிட்டார்.

கடைசியில் ராத்தாவின் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் ரயில்வேயில் கார்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிங்களவர். வருடாவருடம் எங்கள் வட்டிலப்பம் அவர் வீட்டுக்குப் போகும். என்னை அவர் மல்லி என்பார், சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"சாப்பாடு முடிஞ்சது மல்லி. ஒப்பரேஷன் செஞ்ச கால், கீழ இருக்க ஏலாது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வட்டிலப்பம் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

"அப்ப வாறேன்" என்று ஊன்றுகோலை எடுத்தார்.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. ராத்தா வந்தவரையும் அவருடைய காலையும் பார்த்தார். உடனே மச்சானைக் கூப்பிட்டு மேசையை ஒதுக்கச் சொன்னார். அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் பல வருடங்களாக மருந்துப் போத்தல்களும் பழைய பேப்பர்களும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மச்சான் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் தள்ளினார். எங்கள் குடும்பத்தில் முதன்முறையாகச் சஹன் மேசையில் ஏறியது. கதிரையில் உட்கார்ந்து சஹனில் சாப்பிடலாமா என்று ஒரு புதுப் பயம் எனக்குக் கிளம்பியது. இந்த முறை மச்சானிடம் கேட்கவில்லை.

ராத்தா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "அல்லாஹ், எவ்வளவு சொகமா ஈக்கி" என்றார். அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது. இரண்டு வருடமாக முழங்கால் நோ. பாயில் உட்கார்ந்துவிடலாம், எழும்பத்தான் முடியாது. மச்சான் ஒருவரால் தூக்கவும் முடியாது.

"ஆளில்லன்டு சென்னீங்களே, ராத்தா?" என்றேன்.

"திங்க ஆளில்லன்டா சென்ன? என்ன எழுப்பி உட ஆளில்லன்டு சென்ன" என்றார்.

மகள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் அச்சாற்றை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்ட் ஐயா சோற்றைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தனிப் பீங்கானில் இரண்டு தடவை வட்டிலப்பம் வாங்கிச் சாப்பிட்டார். சஹனில் கை வைத்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். சோறு மிஞ்சியது, ராத்தா அதைப் பொதி கட்டி எங்களோடு அனுப்பினார். சஹன் பள்ளிக்குப் போகவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளன்று மகளுக்கு வேலை இருந்ததால் நாலு பேர் மேசையில் சாப்பிட்டோம்.