அரிசி மூட்டை மேல் ஓர் ஆங்கிலப் பரீட்சை

சென்ற வாரம் எங்கள் தெருமுனை ட்ராம் தரிப்பில் ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தார்கள். அடிப்பக்கத்தில் தொலைபேசி இலக்கத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வேண்டியவர் ஒன்றைக் கிழித்துக்கொண்டு போகலாம். ஆங்கிலப் பரீட்சையா, வாசிப்பும் கேட்டலும் பயமா, உத்திகள் கற்றுத் தருகிறோம், மொழி முழுதாகத் தெரிய வேண்டியதில்லை, தேர்ச்சி நிச்சயம். மேலே ஜெர்மனில், கீழே சீனத்தில். சீனம் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அதுவும் இதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். நான்கு கீற்றுகள் ஏற்கெனவே போயிருந்தன. தாளைப் பிடுங்கிக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மா என்னை முறைத்தார். இந்த நாட்டில் பொய் எழுதி ஒட்டலாம், கிழிக்கத்தான் கூடாது.

இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தத் தொழிலை ஒரு காலத்தில் நானே செய்தவன் என்பதுதான் காரணம். அடுத்தவனின் ஊழலை விடத் தன் பழைய ஊழல்தான் அதிகம் நாறும்.

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு ரியூட்டரியில், தனியார் வகுப்பில், ஆங்கிலம் படிப்பித்தேன். தென்னோலைக் கொட்டில், வாங்குகள், ஒரு வகுப்பில் நூற்றைம்பது பேர். ஆங்கிலம் படிப்பித்தேன் என்று சொல்வதே பெரிய பேச்சு. பரீட்சைக்குக் குறுக்குவழி படிப்பித்தேன். கேள்வியை விட்டுவிட்டு முதலில் விடைகளைப் பார். நான்கில் நீளமானது பெரும்பாலும் சரி. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று வருவதை வெட்டு. ஒன்றும் தெரியாவிட்டாலும் வெறுமையாக மட்டும் விடாதே, எதையாவது போடு. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது மேசையில் ஒரு தட்டுத் தட்டுவேன். பிள்ளைகள் சித்தியடைந்தார்கள். நானும் என்னை ஒரு பெரிய ஆசிரியன் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு போரில் எல்லாம் குலைந்து, எண்பத்தைந்தில் ஜெர்மனிக்கு, டோர்ட்மண்ட் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். அகதி மனு முடியும்வரை வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். நகரத்துச் சீனச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் பின்கதவு அந்தச் சட்டத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. அங்கே நான் கோப்பை கழுவினேன். இன்றைக்கும் எங்காவது பழைய எண்ணெயில் வாத்து பொரிகிற மணம் வந்தால் என் விரல் இடுக்கெல்லாம் கடிக்கும். தொட்டித் தண்ணீரில் கொழுப்பு வெள்ளையாகப் படர்ந்து முழங்கை வரை ஒட்டும். அதற்குள் கையை விட்டுத் துளாவினால் பாதி கடித்த இறைச்சி, பல் குத்திய குச்சி, ஒருமுறை ஒரு கட்டுப்பல். குளித்தாலும் அந்த நாற்றம் போகாது. சட்டைக்குள், தலையணைக்குள், ஊருக்கு எழுதும் கடிதத்துக்குள்கூட இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு நான் அதில் எழுதியது, மொழிபெயர்ப்பு வேலை கிடைத்திருக்கிறது என்று.

அது முழுப் பொய்யும் அல்ல. அந்தக் காலத்தில் மொழி தெரிந்தவன் மற்றவர்களுக்கு வாய். எனக்கு ஆங்கிலம் தெரியும், ஜெர்மனும் மற்றவர்களை விடக் கொஞ்சம் வேகமாகப் பிடித்துக்கொண்டேன். டொக்டரிடம், அரசாங்கக் கந்தோரில், எங்கே ஆருக்கு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இருந்தாலும் நான்தான் முன்னால். தொலைபேசி என்றால் இன்னும் வசதி. ஆளின் முகம் தெரியாது. "நான் இன்னாருக்காகப் பேசுகிறேன்" என்று சொன்னால் அதிகாரி ஆயிரம் கேள்வி கேட்பான். "நான்தான் இன்னார்" என்று சொன்னால் வேலை முடிந்தது. தொலைபேசியில் நான் பலருக்குத் தம்பி, சிலருக்குக் கணவன், ஒருமுறை என்னை விட மூத்த ஒருவருக்குத் தகப்பன். எங்களில் ஒருவரும் அதைக் களவு என்று நினைக்கவில்லை. குடை இரவல் கொடுப்பது போலக் குரலையும் கொடுத்தோம்.

அந்தக் கடையில் என்னோடு கோப்பை கழுவியவன் லின். சீனாவிலிருந்து இங்கே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வருட ஆராய்ச்சிக்கு வந்தவன். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் காற்றோட்டம் எப்படிப் போகிறது என்பதுதான் அவன் படிப்பு. முப்பத்திரண்டு வயது. மகள் பிறந்து நாற்பது நாளில் விமானம் ஏறியவன். இரண்டு வருடம் முடியப்போகிறது. கனடாவில் ஒரு பேராசிரியர் அவனை எடுக்கத் தயாராக இருந்தார்; அங்கே போனால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். நடுவில் நின்றது ஒரே ஒரு தடை, ஆங்கிலப் பரீட்சை. வாசிப்பும் கேட்டலும். வாசிப்பில் அவன் பரவாயில்லை. கேட்டலில் படு மோசம்.

மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு முடியும். பின்னேரம் ஐந்துக்குத்தான் மறுபடி திறப்பார்கள். அந்த இரண்டு மணி நேரமும் லின் நிலவறையில் அரிசி மூட்டை மேல் ஏறியிருந்து ஒரு சின்னக் கசெற் றெக்கோடரைக் காதோடு வைத்துக்கொண்டிருப்பான். அந்தக் கசெற்றுகளில் ஒரு அமெரிக்க ஆணும் பெண்ணும் கதைப்பார்கள். அவர்களுக்கு இந்த உலகத்தில் இருந்த ஆகப் பெரிய துன்பம், நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனது. எங்கள் ஊரில் நூலகத்தையே கொளுத்தியிருந்தார்கள். அந்தக் குரல்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

லின்னிடம் ஒரு வேடிக்கையான பழக்கம் இருந்தது. பற்றறி செத்துக்கொண்டு வரும்போது அவன் மாற்றமாட்டான். ஆணும் பெண்ணும் தண்ணியடித்தவர்கள் போல இழுத்து இழுத்துப் பேசுவார்கள். லின் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான், பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கொப்பியில் எழுதுவான். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். "பரீட்சையில் பற்றறி புதிதாகத்தான் இருக்கும்" என்று சொல்லி அடுத்த நாளே புதுப் பற்றறி வாங்கிப் போட்டுவிட்டேன். அந்த மனிதன் தன் வேகத்தில் ஒரு மொழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான் என்பது என் களிமண் மண்டைக்குப் படவில்லை.

அதன்பிறகு அரிசி மூட்டைதான் என் ரியூட்டரி. மூன்று மாதம் நடத்தினேன். விடையைப் பார், நீளமானதைப் பிடி, 'ஒருபோதும்' வந்தால் வெட்டு. ஒலிநாடாவில் கடைசியாகக் கேட்ட சொல்லே விடையிலும் இருந்தால் அது பொறி, தொடாதே. லின்னுக்கு நினைவாற்றல் பயங்கரம்; விதிகளை எண் போட்டு மனப்பாடம் செய்தான். பத்துக்கு எட்டு, ஒன்பது என்று சரி வர ஆரம்பித்தது. ஒவ்வொரு உரையாடல் முடிந்ததும் பென்சிலை வைத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஜெர்மனில் கேட்பான்.

"டீச்சர், அந்தாள் என்ன சொன்னான்?"

"அது தேவையில்லை. விடை சரி. அடுத்தது."

எங்களோடு அங்கே வெங்காயம் உரித்தவர் மரியா அக்கா, மன்னார்க்காரர். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் இரண்டு நாள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, நீர் உந்தாளுக்குப் படிப்பிக்கிறீரோ, இல்லாட்டிக் களவுத் திறப்பு வெட்டிக் குடுக்கிறீரோ?"

"கதவு திறந்தால் காணும்தானே அக்கா."

"ஓம், திறக்கும். உள்ளுக்குப் போய் என்ன செய்யிறது? ஆரும் ஏதும் கேட்டால்?"

நான் றெக்கோடரை மறுபடி அழுத்தினேன். வெங்காயம் உரிக்கிறவருக்குப் பரீட்சையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பரீட்சை பிராங்பேர்ட்டில். எனக்கு நகரத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லாததால் லின் தனியாகப் போனான். ஆறு வாரத்தில் பெறுபேறு வந்தது. நல்ல சித்தி, கேட்டலிலும். லின் என்னைக் கட்டிப்பிடித்தான். கொழுப்புத் தண்ணீர் சொட்டும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கடை முதலாளி எங்களுக்கு ஒரு முழு வாத்துத் தந்தார். நான் அதைத் தின்றேன்.

பேராசிரியர் ஒரு தந்தி அனுப்பினார், வியாழக்கிழமை காலை தொலைபேசியில் கொஞ்சம் பேசுவோம் என்று. கனடாவில் காலை ஒன்பது, எங்களுக்குப் பின்னேரம் மூன்று. லின்னின் விடுதியில் நம்பத்தக்க தொலைபேசி இல்லை. கடை இலக்கத்தைக் கொடுத்திருந்தான். தொலைபேசி முன்னறையில் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. லின் தலையைத் தண்ணீர் வைத்துப் படிய வாரி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். தொலைபேசியில் பேச என்னத்துக்குக் கழுத்துப்பட்டி என்று நான் கேலி செய்தேன்.

மணி அடித்தது. லின் எடுத்தான். வணக்கம் சொன்னான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. கண்கள் சுவரில் எதையோ தேடின. நான்கு விடைகளைத் தேடின என்று இப்போது நினைக்கிறேன். அங்கே ஒரு விடையும் இல்லை. "ப்ளீஸ், கொஞ்சம் மெதுவாக" என்று அவன் சொல்லத் தொடங்கினான். அந்த வசனம் முடிவதற்குள் நான் அவன் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தேன்.

"சொல்லுங்கள் ஐயா, லின்தான் பேசுகிறேன்."

யோசித்ததாக ஞாபகம் இல்லை. எத்தனையோ கந்தோர்களுக்கு எத்தனையோ பேராகப் பேசிய வாய், தானாகத் திறந்துகொண்டது. பேராசிரியர் சுரங்கத்தில் காற்று விசிறி நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டார். லின் ஒரு சுரங்கத்தின் காற்றை முழுவதும் மனதில் வைத்திருந்தவன். அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. எனக்குக் கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, சுரங்கத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் கேள்வியை ஒரு தாளில் எழுதி அவனிடம் நீட்டியிருக்கலாம். வாசிப்பில் அவன் பரவாயில்லை என்று சொன்னேனே. ஆனால் நான் பெரிய சொற்களாக எடுத்துவிட்டேன், கொட்டிலில் விடுகிற அதே கம்பீரத்தோடு. லின் என் வாயைப் பார்த்துப் பார்த்து, நம்பிக்கையோடு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் என்னை முடிக்க விட்டுவிட்டு மிகவும் அன்பாகக் கேட்டார்.

"உங்கள் மகளுக்கு என்ன பெயர்?"

மூன்று மாதம் அவனுக்குப் பக்கத்து மூட்டையில் இருந்திருக்கிறேன். மகளின் படத்தை நாலைந்து தடவை காட்டியிருக்கிறான். பெயரை நான் கேட்டதே இல்லை. தொலைபேசியைப் பொத்திக்கொண்டு அவனிடமே கேட்டிருக்கலாம், அவன் ஒரு முழத் தூரத்தில் நின்றான். ஆனால் என் மண்டைக்குள் யாரோ மேசையில் தட்டினார்கள். வெறுமையாக விடாதே, எதையாவது போடு. மீன்தொட்டிக்கு மேலே தட்டில் ஒரு தேயிலைத் தகரம் இருந்தது. அதில் ஆங்கில எழுத்தில் இருந்த பெயரை வாசித்தேன்.

"லின் தன் மகளின் பெயரை எனக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார், அது இதுவல்ல," என்றார் பேராசிரியர். "தயவுசெய்து லின்னிடம் கொடுங்கள்."

கொடுத்தேன். லின் காதில் வைத்து நிமிர்ந்து நின்று கேட்டான். "யெஸ்," என்றான். மறுபடி "யெஸ்." கடைசியில் "தேங்க் யூ, சேர்" என்று சொல்லித் தொலைபேசியை இரண்டு கையாலும் பக்குவமாக வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், அவர் என்ன சொன்னார்?"

கடிதம் வரும் என்று சொன்னார், என்றேன்.

கடிதம் வந்தது. லின் அதை யாருடைய உதவியும் இல்லாமல் வாசித்தான், அகராதியைக்கூடத் தொடவில்லை. பிறகு என்னிடம் நீட்டினான். "மெதுவாகப் பேசும் ஒருவருக்காகக் காத்திருக்க நான் தயாராக இருந்தேன்" என்று பேராசிரியர் அதில் எழுதியிருந்தார். "தனக்காக வேறொருவரைப் பேசவைக்கும் ஒருவரை என்னால் எடுக்க முடியாது" என்று அடுத்த வசனம். தொலைபேசியை நான்தான் பறித்தேன் என்று அவருக்கு எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன், அழகான ஆங்கிலத்தில் மூன்று பக்கம். பதில் வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம். இன்னொரு தடவையும் அவனுக்காக நான்தானே பேசியிருந்தேன். லின் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் திட்டவில்லை. கழுவும் தொட்டியில் என் பக்கத்துக் கோப்பைகளையும் சேர்த்துக் கழுவினான். அது எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

அடுத்த மாதம் அவனுடைய இரண்டு வருடம் முடிந்தது. ஊர் திரும்பினான். டோர்ட்மண்ட் ஸ்ரேசனுக்கு மரியா அக்காவும் நானும் போனோம். ரயில் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் அவனிடம் கேட்டேன், மகளுக்கு என்ன பெயர் என்று. அவன் சொன்னான். நான் திருப்பிச் சொன்னேன். இல்லை என்று தலையசைத்தான். மறுபடி, மெதுவாக, செத்துக்கொண்டிருக்கும் பற்றறி போல இழுத்துச் சொன்னான். இரண்டாம் முறையும் பிழை. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, "சரி, டீச்சர்" என்றான். அந்தப் பட்டத்தைக் கேட்டு நான் அவ்வளவு வெட்கப்பட்டது இல்லை.

மரியா அக்காவை வீடு வரை கொண்டுபோய் விட்டேன். படியில் நின்று, "முதல் நாளே கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்தச் சாப்பாட்டுக்கடை இல்லை. கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. நிலவறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். கசெற்றும் இல்லை, பற்றறி செத்து இழுபடும் குரலும் இல்லை. மரியா அக்காவைப் போன மாரிக்காலத்தில் அடக்கம் செய்தோம். யாரும் யாருக்காகவும் தொலைபேசியில் பேசுவதில்லை, அதற்கெல்லாம் கருவி வந்துவிட்டது. லின் எங்கே என்று தெரியாது. அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயது இருக்கும். அவளுடைய பெயரை நான் இப்போதும் பிழையில்லாமல் சொல்வேன். பிறகு ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.