மதினி தேடியெடுத்த இரும்பு

பழைய இரும்பு போட்டு வைக்கும் தகரப் பீப்பாய்க்குள் தோள்வரை கையை விட்டு மதினி துழாவிக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. திண்டுக்கல் புறவழிச் சாலையோரத்துப் பட்டறை அது. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். முழங்கைவரை கறுப்பு கிரீஸ். பட்டறைக்கார பாய் இரண்டு தடவை, "விடுங்க தங்கச்சி, கையக் கிழிச்சிரும்" என்று சொல்லிப் பார்த்தார். மதினி நிமிரவே இல்லை. கூடப் போயிருந்த எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

என் அண்ணனிடம் ஒரு சின்ன லோடு வண்டி இருந்தது. நத்தத்திலிருந்து மாங்காய் ஏற்றிக்கொண்டு வரும்போது, நல்ல பகலில், ஒரு வளைவில் அது இடப்பக்கமாகப் பாய்ந்து புளியமரத்தில் மோதியது. அண்ணனுக்கு இடது கால் முறிந்தது. உயிர் தப்பியதே பெரிது. விடியுமுன்பே கிளம்பியவன், கண்ணயர்ந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்க்க வந்தவர்கள் பழத்தோடு அந்தப் பேச்சையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அடிபட்டதில் விபத்தையொட்டிய நாட்களின் ஞாபகமே அண்ணனுக்கு மங்கிப்போயிருந்தது. கேட்டுக் கேட்டு அவரும் நம்பிவிட்டார். "கண்ணு செருகியிருக்கும். எதுக்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வந்திருந்தா என்னாகியிருக்கும்?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பார். கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகும், ஸ்டீரிங்கை இனித் தொடமாட்டேன், வண்டியை விற்றுவிடு என்று ஒரே பிடியாக நின்றார்.

மதினி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சின்னாளபட்டியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். "அவரு தூங்கல" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஏன் அத்தனை உறுதி என்று எனக்கு அப்போது தெரியாது. வண்டி பழுது பார்த்து முடிந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், என்னென்ன மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இடது முன்சக்கரத்தின் ஸ்டீரிங் மூட்டு கழன்று கிடந்தது, மோதிய வேகத்தில் கழன்றிருக்கும், புதிது போட்டாயிற்று என்றார் பாய். பழையது எங்கே என்று கேட்டதற்குப் பீப்பாயைக் காட்டினார்.

அரை மணி நேரம் கழித்து அது கிடைத்தது. ஸ்டீரிங் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை. ஒரு கிண்ணமும் அதற்குள் உருளும் ஒரு குண்டும், கிரீஸ் வெளியேறாமல் காக்க மேலே ஒரு ரப்பர் உறையும் இருக்க வேண்டும். குண்டு கிண்ணத்தைவிட்டுத் தனியே வந்திருந்தது. "இழுத்து அறுந்த இழையும் தேஞ்சு அறுந்த இழையும் நுனியப் பாத்தாலே தெரியும் பாய். இதப் பாத்துச் சொல்லுங்க" என்றார் மதினி.

பாய் அதைத் துடைத்து வெயிலுக்குக் கொண்டுபோனார். ரப்பர் எப்போதோ கிழிந்திருந்தது. கிரீஸ் பொட்டுக்கூட இல்லை. கிண்ணத்துக்குள் துரு. திருப்பித் திருப்பிப் பார்த்தவர் குரல் தணிந்து சொன்னார்: "மோதுனதுல போயிருந்தா வெட்டுப்பட்ட எடம் பளபளன்னு இருக்கும். இது பல நாளாத் தேஞ்சிருக்கு. இது கழண்ட பெறகுதான் வண்டி மரத்துக்குப் போயிருக்கு. நாந்தான் அன்னைக்கே கவனிச்சிருக்கணும் தங்கச்சி."

மதினி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். வீடு திரும்பும் ஆட்டோவில்தான் சொன்னார். விபத்துக்கு முன்பே, வளைவில் டொக்கென்று சத்தம் வருகிறது, ஸ்டீரிங் ஆட்டம் காட்டுகிறது, பட்டறையில் விட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். "மாங்கா முடியட்டும், பதினஞ்சு நாளு பொறுங்கன்னு நாந்தான் அனுப்பி வச்சேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்குத்தான் ஞாபகமில்லையே. தூங்கலன்னு மட்டும் சொல்லுங்க மதினி, மத்தது வேணாம்" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவர் என் கையை விலக்கினார். "அம்புட்டையும் சொல்லத்தான் போறேன்."

அந்த இரும்பை அண்ணன் முன்னால் செய்தித்தாளில் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அண்ணன் குண்டைக் கிண்ணத்தில் போட்டுக் கட்டைவிரலால் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் தூங்கல."

"நீங்க தூங்கல. நிப்பாட்டணும்னு சொன்னது நீங்க. ஓட்டச் சொன்னது நான்."

அண்ணன் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு மதினியிடம் வந்து, "பட்டறைக்குப் போறேன். நீயும் வா" என்றார். அங்கே அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடமும் வலமும் மெல்லத் திருப்ப, மதினி சாக்கு விரித்து வண்டிக்கடியில் படுத்து, புது மூட்டின்மேல் கை வைத்து ஆட்டம் தெரிகிறதா என்று பார்த்தார். "இல்ல. இன்னொருக்கா திருப்புங்க" என்று அவர் குரல் கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் திருப்பினார்.

அண்ணன் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கி வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் மாதம் ஒருமுறை அந்தச் சோதனை நடக்கிறது. போன வாரம் நான் போயிருந்தபோது மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்தது. ரப்பர் உறையில் நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பைப் பார்த்துவிட்டு மதினி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். நத்தத்துத் தோட்டக்காரர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "அழுகுனா அழுகட்டும்ண்ணே. வண்டி நாளைக்குத்தான் வரும்" என்று போனை வைத்தார் மதினி. அண்ணன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தார்.