எட்டாம் நாள் கரும்பு

பொன்னுரங்கத்துக்கு மனிதர்களைப் பிடிக்காது. இது அவர் மேல் ஊரார் சொன்ன புகார் அல்ல. அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் ஆய்வகக் கெமிஸ்ட். வேதியியல் பட்டம் வாங்கியதில் அவர் சாதியில் அந்த வட்டாரத்துக்கே முதல் ஆள். அவர் நம்பியது என்ட்ரோபியை மட்டும்தான். எதையும் அதன் போக்கில் விட்டால் குலையும், குலைந்தது தானாகக் கூடாது என்ற அந்த விதியைச் சொந்தக்காரர்களைப் பற்றிய தீர்ப்பாகவே வைத்திருந்தார்.

1987 செப்டம்பரில் அந்தச் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. கச்சிராயபாளையம் சாலையில் குறுக்கே விழுந்த புளியமரங்களில் ஒன்றை வெட்டியவர் வீரமுத்து, பொன்னுரங்கத்தின் தங்கை பெரியம்மாளின் கணவர். ஆலை கொடுத்த வெட்டு உத்தரவுத் தேதி தவறினால் முறை போய்விடும் என்று, மறியல் தொடங்கிய அன்று பகலில் தன் அரை ஏக்கர் கரும்பை ஆள்வைத்து வெட்டி இரண்டு டிரெய்லரில் ஏற்றினார். மாலையில், அந்த டிரெய்லர்கள் போகவேண்டிய சாலையில் மரத்தை வெட்டினார். இரண்டிலும் அவருக்கு முழு நம்பிக்கை இருந்தது.

எட்டாம் நாள் கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. பழங்கரும்பு என்று வாசலிலேயே நிறுத்தி, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த வருஷம் வீரமுத்துவுக்கு வேறு வெள்ளாமை இல்லை. மாதிரியின் பின்னாலேயே அவரும் போனார்.

“மச்சான், கடிச்சிப் பாரு. வெட்னப்போ இருந்ததவிட இப்பதான் இனிப்பு ஜாஸ்தி.”

“இங்க மச்சான் கிடையாது. சார்.”

“சரிங்க சார். கடிச்சிப் பாருங்க சார்.”

வீரமுத்து சொன்னது உண்மை. அதுதான் சிக்கல். பொன்னுரங்கம் தெளிந்த சாற்றைக் குழாயில் ஊற்றி, சர்க்கரை அளவு காட்டும் போலாரிமீட்டரில் கண்ணை வைத்தார்.

“இனிக்கும். வெட்டிப் போட்டா சர்க்கர தண்ணியோட சேந்து ரெண்டா ஒடையுது. அதுல ஒண்ணு நாக்குக்கு இன்னும் இனிப்பு. ஆனா மூட்டையில சர்க்கரையா வுழாது. ஒண்ணா இருந்தது ரெண்டாயி, கலைஞ்சி திரியுது. திரும்ப ஒட்டாது. அதான் என்ட்ரோபி.”

“உங்க மில்லுல மட்டும் சாறு கல்லுகல்லா அடுக்கிக்கினு வருதே. அங்க அதுக்கு இன்னா, லீவா?”

கேள்வி சரியானது என்பதே பொன்னுரங்கத்துக்கு எரிச்சல் மூட்டியது.

“கீழ பாய்லர்ல சக்கை எரியுதில்ல? இங்க கொஞ்சம் ஒழுங்கு வரணும்னா அங்க அதவிட ஜாஸ்தியா குலைஞ்சி புகையாப் போவணும். மொத்தத்துல குலைவுதான் ஜாஸ்தி.”

“அதத்தாங்க சார் நாங்களும் சொல்றோம். மேல நாலு பேரு வரிசையா குந்திக்கினு இருக்க, கீழ நாங்க எரிஞ்சிக்கினு கெடக்கறோம். ஒன்ன மாதிரி இன்னும் பத்து பேரு இந்த நாற்காலில குந்தணும்னுதான் மரத்தயே வெட்னோம்.”

“என்ன மாதிரி பத்து பேரா? ஒருத்தனயே ஒன்னால தாங்க முடியல.”

சொல்லிக்கொண்டே, ஏற்கத் தகுதியற்றது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

“ஒன் தங்கச்சி கரும்புய்யா அது. அவளுக்கு இன்னா பதில் சொல்ற?”

“மரம் வெட்னவனக் கேக்கச் சொல்லு. வெல்லம் காச்சலாம்னு போவாத. அதுவும் கட்டியாவாது.”

கால் மணி நேரத்தில் வீரமுத்து இரண்டு டிரெய்லரையும் ஆய்வகத்துக்கே கொண்டுவந்து, வெளிப்பக்கமாகத் திறக்கும் அதன் ஒரே கதவின் முன்னால் மொத்தத்தையும் சரித்துவிட்டுப் போனார். எடைமேடை ஆட்கள் தடுக்கவில்லை. பொன்னுரங்கத்தை அவர்களுக்கும் தெரியும்.

மற்ற வண்டிகளின் மாதிரிகள் வெளியே காத்திருந்தன. பொன்னுரங்கம் ஜன்னல் வழியாக இறங்கி ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவர் டீ குடிக்கப் போனார், ஒருவருக்குக் காது கேட்கவில்லை. பொன்னுரங்கமே சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, கரும்பை ஒவ்வொன்றாக இழுத்து ஓரமாக அடுக்க ஆரம்பித்தார். கதவு ஒரு சாண் திறப்பதற்குள் வியர்வை கொட்டியது. முதுகெல்லாம் எறும்பு.