மலர்கொடி நிற்க வைத்த சட்டை

தேசப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த வாரம், அவன் வீட்டுக்கு வந்த பெண்கள் ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். ஒருத்தி கஞ்சி வைத்தாள். ஒருத்தி கொடியில் கிடந்தது, மூலையில் கிடந்தது என்று துணிகளை எல்லாம் வாரிக்கொண்டு போய்த் துவைத்துப் போட்டாள். அழுதுகொண்டிருந்த அவன் பெண்டாட்டி ரேணுகாவுக்கு எதுவும் தெரியாது. உப்பளத்தில் வேலை செய்யும் மலர்கொடி மட்டும், துவைக்கப் போன குவியலிலிருந்து ஒரு சட்டையை உருவினாள். நீலக் கட்டம் போட்டது. தேசப்பன் கடைசியாகக் கழற்றிப் போட்டது. அதை மடித்து, ஒரு பாலிதீன் கவரில் போட்டு, வாயை நூலால் இறுக்கிக் கட்டி, அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போனாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பானையில் அரிசி இறங்கிய பிறகு ஒருநாள் ரேணுகாவின் கைக்கு அது தட்டுப்பட்டது. முடிச்சை அவிழ்த்தாள். வேர்வையும் பீடியும் கலந்த அவனுடைய வாசம் குப்பென்று வந்தது. பானைமேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். யார் வைத்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அந்த முடிச்சைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். உப்பு மூட்டைக்குப் போடுகிற முடிச்சு அது.

மலர்கொடி கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தவள். மரக்காணம் உப்பளத்திலேயே தலை நரைத்தவள். புடவைமேல் ஒரு முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, வெடித்த குதிகால். பேச்சு குறைவு. அவளுக்கு ஒரு கைவேலை இருந்தது. அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு தடவை பாத்தியில் மறந்து விட்டுவந்த துண்டின்மேல் உப்பு பூத்து, அது விறைத்துத் தானாகவே நின்றதாம். அம்மன் காட்டிய வழி என்று அதைப் பிடித்துக்கொண்டாள். பழைய துணிக்குள் வைக்கோலை அடைத்து, உப்பு கட்டுகிற பாத்தியில் இறக்கிவிடுவாள். மேலெல்லாம் உப்பு பூத்ததும் எடுத்துக் காயவைத்து, வைக்கோலை உருவிவிடுவாள். உள்ளே ஆள் இல்லாமல் பாவாடை நிற்கும். சட்டை நிற்கும். வெயில் பட்டால் கண் கூசும்.

ஈ.சி.ஆர். ரோட்டோரம் சும்மா கிடந்த பழைய உப்புக் குடோனை ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்துக் கேலரி வைத்தபோது, மலர்கொடியையும் கூப்பிட்டார்கள். படகுகளுக்குப் பேர் எழுதுகிற தேவநாதன் பலகைகளில் கடல் வரைந்தான். ஜான்சி பனையோலையில் பறவை முடைந்தாள். ரேணுகா அறுந்த வலையில் மீன் செய்தாள். கேலரியில் முறைச் சாவி என்று ஒரு கட்டு உண்டு. யாருடைய முறையோ அவர் வந்து பெருக்கி, தண்ணீர் தெளித்து, கெங்கையம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார வேண்டும். ஒருவர் முறையில் இன்னொருவர் கதவைத் திறக்கக் கூடாது. குடோனுக்குக் கதவு இரண்டு. மேற்கே ரோட்டைப் பார்த்தது ஒன்று. கிழக்கே, அந்தக் காலத்தில் கால்வாய்ப் படகில் உப்பு ஏற்றுவதற்காக வைத்தது இன்னொன்று. உப்புக்காற்று உள்ளே வந்து படங்களைக் கெடுக்கும் என்று கிழக்குக் கதவைத் தாழ் போட்டதோடு சரி, திறந்ததே இல்லை.

தேசப்பனின் படகு அப்போதே பெரிய முதலியார்சாவடிக் கரையில் ஒதுங்கியிருந்தது. ஆள் ஒதுங்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் கருமாதி செய்ய ரேணுகா சம்மதிக்கவில்லை. மச்சினர்கள் சொல்லிப் பார்த்தார்கள், கோயில் பூசாரி சொல்லிப் பார்த்தார். "வந்துட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்பாள். வருஷங்கள் போயின. சட்டையில் இருந்த வாசமும் போய்விட்டது. ஒருநாள் கவரோடு அதை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய் மலர்கொடி முன்னால் நின்றாள்.

"யக்கா, இத நிக்க வச்சுக் குடு."

மலர்கொடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் ரேணு. நான் உசுரோட இருக்கறவங்க துணியத்தான் எறக்குவேன்."

"அவரு செத்துட்டாருன்னு நீயும் சொல்றியா?"

மலர்கொடி பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தாள். சட்டையை வாங்கிக்கொண்டாள்.

அப்போது புரட்டாசி முடிகிற நேரம். உப்பு வாரி முடித்தாகிவிட்டது. பாத்தியின் அடியில் மஞ்சளாய்க் கொஞ்சம் கசப்புத் தண்ணீர்தான் நின்றது. உப்பெல்லாம் எடுத்த பிறகு வெளியே திறந்துவிடுகிற தண்ணீர். அதில்தான் சட்டையை இறக்கினாள்.

கேலரியில் கொண்டுவந்து வைத்த அன்று எல்லாரும் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார்கள். ரேணுகா மட்டும் கிட்டே போகாமல் சுவரோரம் நின்றாள்.

"தோளப் பாருங்க," என்றாள்.

இடது தோள் இறங்கியிருந்தது. பொடியனாக இருந்தபோதிலிருந்து வலை இழுத்து இழுத்து தேசப்பனுக்கு இடது தோள் தாழ்ந்துதான் இருக்கும். நடந்து வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

"நான் ரெண்டு தோளையும் ஒரே மாதிரிதான் அடச்சேன்," என்றாள் மலர்கொடி. "அவரு தோளு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே."

மறுநாளிலிருந்து சட்டை வேர்க்க ஆரம்பித்தது. மற்றதெல்லாம் காய்ந்து நிற்கும். இது மட்டும் கை நுனியிலிருந்து சொட்டும். கீழே எப்போதும் ஈரம்.

"ஆளு கடல்லேர்ந்து வந்து இன்னும் தலைய தொவட்டல போல," என்று தேவநாதன் சிரித்தான். ரேணுகா சிரிக்காததைப் பார்த்து, "தமாசுக்குச் சொன்னேம்மா," என்று வாயைத் துடைத்துக்கொண்டான்.

வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சட்டையை மேற்கே ரோட்டுப் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் பூட்டுவார்கள். காலையில் திறந்தால் அது கிழக்கே பார்த்து நிற்கும். தாழ் போட்ட அந்தக் கதவைப் பார்த்து. "குடோன் தரை அந்தப் பக்கம் சரிவுப்பா. அடி ஈரமா இருக்குது, வழுக்கிக்கிட்டுத் திரும்புது," என்று தேவநாதன் ஆளுக்கு ஆள் சொன்னான். சொன்னானே தவிர, தன் முறை வந்தால் ஜான்சியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டான்.

மலர்கொடி ஒருநாள் சொட்டுகிற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கசந்தது.

"தப்பு என்னோடதுதான். கடைசித் தண்ணியில எறக்கினா அந்த உப்பு காயாது. காத்துல இருக்கற ஈரத்த எல்லாம் இழுத்துக்கிட்டே கெடக்கும். இது உப்பளத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நீ வந்து நின்னியே ரேணு, அடுத்த தை வரைக்கும் பொறுன்னு சொல்ல வாய் வரல."

"அப்ப பேயும் இல்ல, பிசாசும் இல்ல," என்று தேவநாதன் மூச்சு விட்டான்.

"தோளு?" என்றாள் ரேணுகா.

தேவநாதன் தூரிகையைக் கழுவ எழுந்து போனான்.

ரேணுகா வீட்டை மறந்தாள். யார் முறையானாலும் கதவு திறந்ததும் வந்துவிடுவாள். டீக்கடையில் இரண்டு டீ வாங்கி, ஒன்றைச் சட்டைக்கு முன்னால் வைப்பாள். ஆறிய பிறகு எடுத்து வெளியே ஊற்றுவாள். வலை கொண்டுவருவாள், ஆனால் ஒரு மீன் முடிக்க மாட்டாள். யாரோ கேட்டதற்குச் சொல்வதுபோல "ம்" என்பாள், "இல்லையே" என்பாள். உதட்டில் வெள்ளையாய் உப்பு படிந்திருக்கும். தலைமுடி விறைத்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் அவள் போவதைப் பின்னாலிருந்து பார்த்த ஜான்சி, மலர்கொடியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யக்கா, ரேணுக்கா நடக்கறதப் பாருங்களேன்."

மலர்கொடி பார்த்தாள். ரேணுகாவின் இடது தோள் இறங்கியிருந்தது.

அன்றைக்கே மலர்கொடி மஞ்சள் துணியில் காசு முடிந்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்று சொல்லவில்லை. சில நாளிலேயே அவளுக்கு மூச்சு இழுத்தது. எத்தனையோ வருஷமாய் உள்ளே இறங்கிய உப்புத் தூசி. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டார்கள். போகிற அன்று அவளுடைய முறை. வானம் கறுத்து, வடகிழக்கிலிருந்து காற்று ஈரமாக அடித்தது. பஸ் ஸ்டாப்பில் ரேணுகாதான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாவிய புடி," என்றாள் மலர்கொடி.

"உன் முறைல நான் எப்படிக்கா தொறக்கறது?"

"நான்தானே குடுக்கறேன். ரோட்டுக் கதவ விடு. இன்னைக்குக் கெழக்குக் கதவத் தொற."

"மழ உள்ள வரும்க்கா. உப்பு கரைஞ்சிடும்."

"ஆமா."

ரேணுகா அழ ஆரம்பித்தாள். "அவரு நிக்கறாருக்கா. எனக்காக வந்து நிக்கறாரு."

"நிக்க வச்சது நானு. அவரு எந்தப் பக்கம் பாத்து நிக்கறாருன்னு நீதான் தெனமும் பாக்கறியே." மூச்சு வாங்கியது. "உப்பு போனாலும் சட்ட இருக்கும் ரேணு. அது உனக்குன்னு நான் எடுத்து வச்சது."

பஸ் வந்தது. ஏறும்போது மலர்கொடி திரும்பி இன்னும் ஒன்று சொன்னாள்.

கிழக்குக் கதவின் தாழ் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ரேணுகா கல்லெடுத்துத் தட்டித் திறந்தாள். திறந்த வேகத்தில் சாரல் உள்ளே பாய்ந்து ஜான்சியின் ஓலைப் பறவைகள் எல்லாம் ஒருசேரப் படபடத்தன. ரேணுகா வழியை விட்டு ஓரமாக நின்றாள். அரிசி கொட்டுகிற மாதிரி மெல்லிய சத்தத்தோடு உப்பு உதிர ஆரம்பித்தது. முதலில் காலர் மடிந்தது. வலது தோள் விழுந்தது. இடது தோள் மட்டும் வெகுநேரம் நின்றது. அதுவும் இறங்கியபோது, யாரோ சுமையைக் கீழே வைத்ததுபோல ஒரு மூச்சு கேட்டது. காற்றாகவும் இருக்கலாம்.

கரைந்த தண்ணீர் தரைச் சரிவில் கதவைப் பார்த்து ஓடியது. ரேணுகா ஓரமாகத்தான் நின்றாள். இருந்தும் அது வளைந்து வந்து அவள் கால் இரண்டையும் சுற்றிக்கொண்டு ஒரு கணம் நின்றது. வெளியே பெய்த மழை ஜில்லென்று இருந்தது. காலைச் சுற்றிய தண்ணீரில் உடம்புச் சூடு இருந்தது. பிறகு அது படியிறங்கிக் கால்வாயோடு போயிற்று.

நைந்துபோன சட்டையை வைத்துத்தான் கடற்கரையில் தேசப்பனுக்குக் கருமாதி செய்தார்கள். ரேணுகா இப்போது நேராகத்தான் நடக்கிறாள். மீன் முடித்து விற்கிறாள். கருமாதி முடிந்த அன்று சாயந்திரம்தான் மலர்கொடி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய சேதி வந்தது.

மலர்கொடியின் முறையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் விட்டுப்போன முழுக்கைச் சட்டை குடோன் ஆணியில் தொங்குகிறது. அவள் முறை வரும் நாளில் ரேணுகா வந்து விளக்கேற்றிக் கதவு இரண்டையும் திறந்துவைக்கிறாள். அன்று காலையில் மட்டும் அந்தச் சட்டையின் கைகள் நனைந்திருக்கும். கூரை ஒழுகுகிறது என்பான் தேவநாதன். சித்திரையிலும் அதைத்தான் சொல்வான்.

ரேணுகா அந்தச் சட்டையைத் தொட்டுக் கும்பிடுவாள். பேர் மட்டும் சொல்ல மாட்டாள். அந்தக் குடோனுக்குள் மலர்கொடி என்ற பேரை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மலர்கொடி சொன்னது இதுதான்:

"என் முறைலதானே தொறக்கற, நானும் உள்ள இருக்கறதா நெனச்சிக்க. பயமா இருந்தா என் பேரச் சொல்லிக் கூப்புடு ரேணு. எங்க இருந்தாலும் வந்துடறேன்."