குமரேசன் துளையிட்ட கடைசிப் பலகை

செய்தி வந்தபோது நான் சென்னையில், மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். "குமரேசன் கேலா," என்றார், சின்ன மாதிரி ரயில்கள் செய்து ஓட்டும் எங்கள் சங்கத்தின் தலைவர் ஜோஷி. போய்விட்டார் என்பதை மராட்டியில் அவ்வளவுதான் சொல்வார்கள். தூக்கத்திலேயே மாரடைப்பாம். அடக்கத்துக்கு நான் புனே போய்ச் சேர முடியவில்லை. முகத்தைக்கூடப் பார்க்காமல் அவரை அனுப்பிவிட்டேன் என்பதை மனது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சங்கத்து நண்பர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாரநாட்களில் தளேகாவ் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவு, ஞாயிற்றுக்கிழமை தச்சர். நாமெல்லாம் எஞ்சின், சிக்னல், குட்டி மரம் என்று அலைவோம். அவரோ அவையெல்லாம் நிற்கிற பலகைகளைக் கட்டுவார். கண்காட்சிக்குப் பிரித்து எடுத்துப்போய் மறுபடி பூட்டுகிற பலகைகள். புனேயில் ஔந்த் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் டேப்பைப் பிடித்தார். "முதல்ல லிஃப்டை அளங்க. அப்புறம் பலகைய அளக்கலாம்." நான் சொந்தப் புத்தியில் செய்த பலகை லிஃப்டில் நுழையாமல் ஒரு மழைக்காலம் பூராவும் படிக்கட்டில் கிடந்ததை யாரோ அவரிடம் போட்டுக்கொடுத்திருந்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விடாப்பிடி. பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் முனைச் சட்டங்களை ஒட்டவைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டையும் சேர்த்து ஒரே துளையாகப் போடுவார். "ஜோடி கையில இல்லாம துளை போட்டா தண்டவாளம் நூலளவு விலகும். வண்டி அங்கதான் கவுரும்." அளவெடுத்துத் தனித்தனியாகத் துளைக்கலாமே என்று வாதாடியிருக்கிறேன். என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

இந்த முறை கண்காட்சிக்கு வட்டப்பாதை. அதை மூடும் கடைசிப் பலகையை அவர் தன் வீட்டில் செய்துகொண்டிருந்தார். அதன் ஒரு பக்கத்து ஜோடி அவரிடமே இருந்தது. மறுபக்கத்து ஜோடி என் வீட்டுப் பரணில். நான் ஊரிலிருந்து திரும்பியதும் கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பேச்சு. வீடு பூட்டிக் கிடந்தது. இருந்த ஒரே சாவி சென்னையில் என் பையில் இருந்தது.

அவர் போனதும், வட்டத்தை மூட வழியில்லை, ரயிலை முன்னும் பின்னுமாக ஓட்டலாம் என்று ஜோஷி முடிவுகட்டினார். குமரேசனின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. புனே திரும்பி நான் துக்கம் கேட்கப் போனபோது, "அவர் கடைசியா செஞ்சது தம்பி. அது மேல ஒரு தடவையாவது வண்டி ஓடணும். சும்மா சாத்தி வெச்சு என்னால பாத்துட்டிருக்க முடியாது," என்றார்.

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். இரு முனைகளிலும் துளைகள் இருந்தன, என் பலகை சேர வேண்டிய முனையிலும்.

"இந்தப் பக்கம் எப்படிப் போட்டார் அண்ணி?"

"நீங்க குடுத்துட்டுப் போன பலகைய வெச்சுத்தான். போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் பால்கனியில துளைச்சிட்டிருந்தாரு. 'அவரு பலகைய அவரு வீட்லயே வெச்சிட்டேன்'னாரே."

நான் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். பலகையைச் சுற்றி நான் கட்டிய போர்வையும் அதன் முடிச்சும் அப்படியே இருந்தன. அவிழ்த்தேன். முனைச் சட்டத்தில் துளைகள். துளைகளுக்குப் பக்கத்தில் கிளாம்பின் வாய் அழுத்திய தடம். தடம் விழக்கூடாது என்று நடுவில் ஒரு மரத்துண்டை வைக்காமல் அவர் கிளாம்பை இறுக்கியதே கிடையாது. அவர் அவசரப்பட்டதற்கு வேறு அத்தாட்சி நான் பார்த்ததில்லை.

கண்காட்சி அன்று போல்ட்டுகள் விரலால் தள்ளியதுமே உள்ளே போயின. அந்த இணைப்பைத் தாண்டும்போது ரயில் சத்தமே போடவில்லை. அண்ணி கைகட்டி நின்று ஒவ்வொரு சுற்றையும் பார்த்தார். "நல்லவேளை, நீங்க குடுத்துட்டுப் போனீங்க தம்பி," என்றார். ஆமாம் என்றேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தத் தடம்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும், தேய்க்க மாட்டேன். பலகை மறுபடி பரணில் இருக்கிறது. போர்வையின் முடிச்சை மட்டும் இப்போதெல்லாம் தளர்வாகப் போடுகிறேன்.