ஒரே விரிப்பைத் துவைக்கும் ஜென்சி அக்கா

ஜென்சி அக்கா நீலக் கட்டில் விரிப்பை மெஷினுக்குள் போடுகிறார். அது ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறது. மடிப்புக்கூடக் கலையவில்லை. சவர்க்காரத் தூளைக் கொஞ்சம் தூவி மூடியைச் சாத்திவிட்டு, பக்கத்து மெஷினுக்காகக் காத்திருப்பவரிடம் திரும்புகிறார். "அன்ரி, உங்கட வீட்டிலை ஹீற்றர் வேலை செய்யுதோ?"

மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறை இது. அக்கா வருவது இங்கே மட்டுமல்ல. சுற்றியுள்ள தெருக்களில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதே விரிப்பைத்தான் துவைக்கிறார். அதன் நடுப்பகுதி மெலிந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் நிற்பவரின் முகம் தெரியும்.

ஏன் இப்படி என்று கேட்டேன். "முந்திக் கதவு கதவாத் தட்டித் திரிஞ்சனான். சனம் சங்கிலியைக் கழட்டாமல் மூக்கை மட்டும் காட்டிக் கதைக்கும். இஞ்சை மெஷின் நிக்கும் மட்டும் ஆள் எங்கை ஓடுறது?" என்று சிரித்தார்.

பொலிஸாரும் காவலாளிகளும் தோலின் நிறத்தைப் பார்த்து ஆட்களை நிறுத்தி விசாரிக்கும் வழக்கத்துக்கு எதிராக அவரும் நண்பர்களும் ஒரு குழு நடத்துகிறார்கள். வயது இருபத்தைந்து இருக்கும். பெற்றோர் மன்னாரிலிருந்து வந்தவர்கள். அக்கா பிறந்தது மொன்றியலில். வாரநாட்களில் குழந்தைகள் காப்பகமொன்றில் வேலை செய்கிறார். அந்தப் பழக்கமோ என்னவோ, யாரோடு பேசினாலும் அவர்களுடைய கண் உயரத்துக்குக் குனிந்துவிடுவார். சப்பாத்து நாடாவை ஒருநாளும் கட்டமாட்டார். மெதுவாகப் பேச அவருக்கு வராது. அவர் சொல்லும் இரகசியம் மேல்மாடிவரை கேட்கும்.

இந்தக் குளிர்காலத்தில் அவர் எங்கள் கட்டடத்துக்கு அடிக்கடி வந்ததற்குக் காரணம் செலீன். ஹெயிட்டியிலிருந்து வந்த கறுப்பினப் பெண், மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறார். அவருடைய மகன் இமானுவேல் இரண்டு கைகளிலும் கடைப் பைகளோடு வந்தபோது, வாசல் காவலாளி வீட்டுச் சாவியைக் காட்டச் சொன்னார். திறப்பு சட்டைப்பைக்குள் இருக்கிறது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் தள்ளிவிட்டார். முட்டைகள் எல்லாம் படியில் உடைந்தன. பையன்தான் காவலாளியை அடித்தான் என்று கட்டட நிர்வாகம் எழுதிக்கொண்டது. வீட்டைக் காலி செய்யும்படி செலீனுக்குக் கடிதம் வந்தது.

நடந்ததைப் பார்த்தவர் ஒருவர்தான்: வாசலுக்கு நேர் மேலே குடியிருக்கும் குணேஸ்வரி அன்ரி. பல்கணியில் மிளகாய்ச் செடியின் காய்ந்த தொட்டியை எடுக்க வந்தபோது கண்டார். கண்டதை வீட்டுக்குள் சொன்னார். ஜென்சி அக்கா கேட்டபோது, வெளியே சொல்ல மறுத்தார்.

"எங்களுக்கேன் பிள்ளை அந்த வில்லங்கம்? வந்து குந்தின சனம் நாங்கள். இவரும் வேண்டாமெண்டுறார்."

ஜென்சி அக்கா வற்புறுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமையும் விரிப்போடு வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். மிளகாய்ச் செடியைப் பற்றிக் கேட்டார், அன்ரியின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். செலீனும் தன் உடுப்புகளை அதே நேரத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினார். அது தற்செயலா என்று எனக்குத் தெரியாது. ஒரே கட்டடத்தில் இத்தனை வருடங்கள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஒரே வாங்கில் உட்கார்ந்தார்கள். செலீன் அன்ரிக்கு பிரெஞ்சில் இரண்டு சொற்கள் சொல்லிக்கொடுத்தார்: ஷே வ்யூ. நான் பார்த்தேன். அன்ரி அதை விளையாட்டாகத் திருப்பிச் சொன்னார்.

ஒருநாள் அன்ரி கேட்டார். "நீ எத்தினையாம் மாடி, பிள்ளை?"

"நான் இந்தக் கட்டடமே இல்லை, அன்ரி. அங்காலை, மற்றத் தெரு."

"அப்ப உன்னை ஆர் உள்ளை விடுறது?"

"உங்கட செக்குரிட்டிதான். கையிலை கூடையைக் கண்டால் கதவைப் பிடிச்சு, பொன்ஷூர் எண்டு வணக்கமும் சொல்லுவார்."

"திறப்பு கேக்கிறேல்லையோ?"

"ஒருநாளும் இல்லை. உங்களிட்டைக் கேட்டவரோ?"

அன்ரி துவைத்த துவாயை உதறினார், மடித்தார், திரும்பவும் உதறினார். "செலீன் வயித்துப்பிள்ளையோடை இந்தப் படியிலை ஏறினதை நான் கண்டனான். அந்தப் பெடியன் இஞ்சை பிறந்தவன்" என்றார். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை தேவாலய மண்டபத்தில் அக்காவின் குழு கூட்டிய குடியிருப்பாளர் கூட்டம். நிர்வாகத்தின் முகாமையாளர் வருவதாக இருந்தது. கண்ணால் கண்ட ஒருவர் எல்லோர் முன்னும் எழுந்து சொன்னால்தான் கடிதத்தைத் திரும்பப் பெறுவார்கள் என்று ஜென்சி அக்கா நம்பினார். செலீன் கோட்டு போட்டுக்கொண்டு கீழே வந்தார். அன்ரி ட்ரையருக்கு முன்னால் நின்றார்.

"உடுப்பெல்லாம் ஈரமாக் கிடக்கு. விட்டிட்டு எப்பிடி வாறது? மனுசன்ரை வேலைச் சட்டையும் இதுக்குள்ளைதான்."

"நான் காய வைச்சு மடிச்சு வைக்கிறன், அன்ரி. நீங்கள் போங்கோ."

"நீ வரேல்லையோ? உன்ரை கூட்டமெல்லே?"

"நான் வந்தால் நான்தான் கத்துவன். பேந்து ஒருத்தரும் உங்களைக் கேக்கமாட்டினம்."

அன்ரி கோட்டைப் போட்டார். செலீன் அவருடைய கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார். வெளியே பனி உறைந்து வழுக்கியது.

அக்கா அன்ரியின் உடுப்புகளை ஒவ்வொன்றாக ட்ரையருக்குள் போட்டார். அவருடைய விரிப்பு அன்று கூடைக்குள்ளேயே கிடந்தது. காலுறைகளுக்குச் சோடி தேடினார். கைப்பேசியை எடுத்துப் பார்த்தார், வைத்தார், திரும்பவும் பார்த்தார்.

கைப்பேசி அடித்தது. செலீனின் எண். எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். மண்டபத்து இரைச்சலும் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் வந்தன. ட்ரையரின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அக்கா எட்டி அதன் கதவைத் திறந்தார். சுற்றிக்கொண்டிருந்த உடுப்புகள் தொப்பென்று விழுந்தன.

"பொன்ஷூர்" என்றது அன்ரியின் குரல். பிறகு, "ஷே வ்யூ." யாரோ ஏதோ கேட்டார்கள். அன்ரி இன்னும் உரக்கச் சொன்னார். "ஷே வ்யூ, மிஸ்யூ. பல்கோன். நான் கண்டனான்!"

ஜென்சி அக்கா ஈரச் சட்டையொன்றை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். பிறகு அதைத் திரும்ப உள்ளே போட்டு, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினார்.