காலுறை போட்ட பிள்ளை

செருப்பே இல்லாத பிள்ளைக்கு நாசோலோ காலுறை மாட்டிவிடுவதைப் பார்த்து, சாக்கடைக் கால்வாயோரக் குடிசைகளில் எல்லோரும் சிரித்தார்கள்.

"மகளை லண்டனுக்கு அனுப்பப் போறியா, நம்பூசி அம்மா?" என்றாள் பக்கத்து வீட்டு லொவின்சா. "ஆனா புள்ள நல்லா தேறிட்டா. கன்னத்தைப் பாரு, பன்னு மாதிரி!"

நாசோலோ சிரித்து வைத்தாள். காலுறைக்குள் பாதமும் அப்படித்தான் உப்பியிருந்தது. அழுத்தினால் விரல் பதிந்த குழி மேலே வரவே இல்லை. கம்பாலா நகரில் அதன் அர்த்தம் எல்லாத் தாய்க்கும் தெரியும். பால்குடி மறக்காத பிள்ளை இருக்கும்போதே தாய் மறுபடி உண்டானால், பால் கெட்டுப் பிள்ளை வீங்கும் என்பார்கள்.

நாசோலோ உண்டாகவில்லை. கணவன் முக்காசா ஜிஞ்ஜா நகருக்குக் கட்டட வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. பிள்ளையின் பாதத்தைப் பார்க்கிற கண் அடுத்து அவள் வயிற்றைத்தான் பார்க்கும். அதனால்தான் காலுறை. ஆஸ்பத்திரிக்குப் போகாததும் அதனால்தான்.

கால்வாய்க் கரையில் அவள் சேம்பு போட்டிருந்தாள். மண் நிரப்பிய சாக்குகளில் கீரை தளதளவென்று நின்றது. நாலு கோழிகளும் உண்டு. முட்டையைச் சப்பாத்திக் கடைக்கும் கீரையைச் சந்தைக்கும் விற்றாள். வாடிய கீரைக்கும் ஆள் இருந்தது. பிள்ளைக்குக் காலையில் சீனி போட்ட தேயிலைத் தண்ணீர், மதியம் மரவள்ளிக்கிழங்கு. வயிறு நிறைந்துவிடும். நம்பூசி அழுவதில்லை. கொஞ்ச நாளாக எதற்குமே அழுவதில்லை. அதை நல்ல குணம் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து நாத்தனார் தெரேசா வந்தாள். நாசோலோ வழக்கம்போல் மண்டியிட்டு வணங்கினாள். நிமிர்வதற்குள் தெரேசா பிள்ளையின் காலுறையை உருவியிருந்தாள்.

"யாரோட புள்ள?"

"அக்கா, சத்தியமா அப்படி ஒண்ணும் இல்ல."

"என் தம்பி அங்க சிமெண்ட் மூட்டை சுமக்கிறான். நீ இங்க எவன் புள்ளையச் சுமக்குற? கிளம்பு. டாக்டரம்மா முன்னாடி சொல்லு உன் சத்தியத்தை."

லொவின்சா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாசோலோ பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் தெரேசா காட்டிய வயிற்றை நர்ஸ் பார்க்கவில்லை. பிள்ளையின் பாதத்தை அழுத்தினாள். செம்பட்டையாகிப்போன முடியை மெல்ல இழுத்தாள். அது கையோடு வந்தது.

"என்னம்மா குடுக்குற இதுக்கு? முட்டை? பயறு? கீரை?"

நாசோலோ தலைகுனிந்தாள்.

"கிடைக்கலையா?"

"நான்தான் பயிர் போடுறேன், சிஸ்டர். கீரை. கோழியும் இருக்கு."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். "இது கர்ப்பத்தால வர்றதில்லம்மா. நல்ல சாப்பாடு இல்லாம வர்றது. இவ்வளவு நாள் ஏன் வெச்சிருந்த?"

"அதெல்லாம் இருக்கட்டும், இவளைச் சோதிங்க" என்றாள் தெரேசா.

சோதித்தார்கள். ஒன்றுமில்லை.

"இப்ப இல்லன்னா முன்னாடி இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தெரேசா பஸ் பிடிக்கப் போனாள். பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் படுக்கையில் வைத்துப் பால் புகட்டினார்கள். வீக்கத்து நீர் வடிந்தது. வடிந்த பிறகு மிஞ்சியது எலும்பும் இரண்டு பெரிய கண்களும். பிழைத்துவிட்டாள் என்றார் டாக்டர்.

பிள்ளையோடு வீடு திரும்பியவளைப் பார்த்து, "அடிப்பாவி!" என்று லொவின்சா வாயில் கை வைத்தாள். "கொழுகொழுன்னு இருந்த புள்ள! ஆஸ்பத்திரில குடுத்து இப்படி ஆக்கிட்டியே!"

நாசோலோ கோழிக்கு அடியில் கையை விட்டுச் சூடான முட்டையை எடுத்தாள். சப்பாத்திக் கடைக்காரன் வேலிக்கு வெளியே இருந்து கூப்பிட்டான்.

"கோழி இன்னிக்குப் போடல" என்றாள்.

அவித்து, உரித்து, உப்புத் தொட்டு மகளின் வாயருகே நீட்டினாள். நம்பூசி முகர்ந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தேயிலைத் தண்ணி" என்று அழுதாள்.